இணைப்பு ஏழு

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
மலையாளத்திலிருந்து தமிழ், தமிழிலிருந்து மலையாளம்,
இரண்டுக்கும் ஒரே விலை.
மின்காந்த ஆயுதங்களை ஆராயும் இருமாநிலக் குழு
வேலந்தாவளத்துக்கு வந்தபோது
கொழிஞ்சாம்பாறையில் என்னைவிட மலிவாக
யாரும் கிடைக்கவில்லை.

மூன்று பேர். ஒருவர் சட்டம், ஒருவர் இயற்பியல்.
மூன்றாமவர் எதற்கென்று முதல்நாள் தெரியவில்லை.
கணவாய்க் காற்றில் பறந்த தாள்களை
வெயிலில் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சாட்சி: சகாயமேரி, வயது நாற்பத்தாறு,
பாலத்துக்கு இப்பால் எடைமேடையில் ராத்திரி வேலை.
சொன்னாள்:
எம்-சாண்ட் லாரி ஏழெட்டு சேர்ந்தாப்போல வரும் சார்.
அதுக்கு முன்னால ஒரு வெள்ளை வேன்.
பாலம் தாண்டிப் போய் நிக்கும்.
நின்னதும் இங்கே சிவப்பு நம்பரெல்லாம் செத்துடும்.
கேமராவும் போயிடும்.
சத்தமில்ல, புகையில்ல,
ஜன்னல் கண்ணாடியில ஒரு கீறல் இல்ல.
பன்னெண்டாம் தேதி என் வலது காதும் போச்சு.

காது என்றால்
காதில் மாட்டும் மெஷின்.
தவணையில் வாங்கியது. இன்னும் ஒன்பது பாக்கி.

சாவடி ஸ்டேஷனில் கேட்டார்களாம்:
வேன் எங்கே நின்னுச்சு?
பாலத்துக்கு அந்தப்பக்கம்.
அப்போ கேரளாவுக்குப் போம்மா.
கொழிஞ்சாம்பாறையில் கேட்டார்களாம்:
காது எங்கே இருந்தது?
என்கிட்டதான் சார், இந்தப்பக்கம்.
அப்போ அங்கேயே கொடுங்க.

ஆயுதம் என்பதன் பொருளை
சட்டக்காரர் வாசித்துக் காட்டினார்.
கூர்மை, விளிம்பு, குழல், மருந்து.
கத்திக்கு அங்குலக் கணக்குகூட இருந்தது.
வந்து, எதையும் தொடாமல், போய்விட்ட ஒன்றுக்கு
பிரிவு இல்லை, உட்பிரிவு இல்லை,
எந்த அரசின் பட்டியலில் சேர்ப்பது என்பதிலேயே
மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

இயற்பியல்காரர் அவளுக்காக ஒரு படம் வரைந்தார்.
மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.
இதுதான் அலை என்றார்.
அவள் உற்றுப் பார்த்தாள்.
"நானும் மூணு மாசமா அதான் சார் பண்றேன்."

மலையாளத்திலும் அலை அலைதான்,
அலைவது அலைவதுதான்.
வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அதிர்ஷ்டம் அது,
ஒரு சொல்லும் சிந்தாமல் அக்கரை சேர்த்தேன்.
மூன்றாமவர் சிவப்புப் பேனாவால் அடித்தார்:
பொருத்தமற்றது.
அவர் எதற்கென்று அன்றைக்குத் தெரிந்தது.

அறிக்கை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சட்டத்தில் இடைவெளி உள்ளது என்ற வாக்கியத்தை
பதினேழு இடத்தில் மொழிபெயர்த்தேன்.
சகாயமேரி இணைப்பு ஏழில் இருந்தாள்,
உறுதிசெய்யப்படாத கூற்றுகள், கீழ்ப்பாதி.
அரைப் பக்கம்.
அவளுக்காக எனக்குக் கிடைத்தது இருபது ரூபாய்.

ஒரு பிரதியை அவளிடம் காட்டலாமென்று
ராத்திரி பதினொன்றுக்குப் போனேன்.
மேடைமேல ஏறுங்க, என்றாள் உள்ளிருந்து,
தனக்குக் கேட்காத அளவுக்குச் சத்தமாக.
வெறும் ஆளாக ஏறினேன். அறுபது.
அறிக்கையை அணைத்துக்கொண்டு ஏறினேன். அறுபது.
அது இருபது இருபதாகத்தான் எண்ணுமாம்.
சில்லறை அதன் கணக்கில் வராது.

சிரித்தோம். அவள் டீ ஊற்றக் குனிந்தாள்.
பாலத்துக்கு அப்பால் இரண்டு விளக்குகள்
நகர்ந்து, நின்று, அணைந்தன.

அறுபது அணைந்தது.
சட்டைப்பையில் என் போனும்.
தென்னந்தோப்பில் பூச்சிகள் மட்டும்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.
தூரத்தில் முதல் லாரி கியர் மாற்றும் சத்தம்.
அவளுக்கு அது கேட்கவில்லை,
தம்ளரை நீட்டியபடி வந்துகொண்டிருந்தாள்.

நான் கீழே பார்த்தேன்,
எந்தப்பக்கம் நிற்கிறேன் என்று.